ஒரு பிடி கரைமண்

சுவேதினியின் கொட்டில் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கழுதை முட்டுக்கொடுத்து நிற்கிறது. மன்னார் பஸ் நிலையத்தில் வழியை மறித்துக்கொண்டு நிற்கிற கழுதை அல்ல. அவளே பிடித்துச் சூளையில் சுட்ட மண் கழுதை. ஒரு காது இல்லை. உடம்பு முழுக்க வெள்ளை பூத்து, சாம்பலில் புரண்டு எழுந்த மாதிரி இருக்கும். ஆரும் வாங்காததைக் கதவுக்கு வைத்தேன் என்று அவளே சொல்லுவாள். அந்தக் கழுதையை மறந்துவிடாதீர்கள், அதற்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

பேசாலைக் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற அந்தக் கொட்டில் முந்திக் கருவாடு அடுக்குகிற இடம். மழை நாளில் தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கருவாட்டு மணம் எழும்பும். ஊரார் வைத்த பெயர் கழுதைக் கொட்டில். அங்கிருந்து வெளியே போகிறவற்றில் பாதிக்கு மேல் கழுதைகள்தான். படுத்த கழுதை, குட்டியோடு நிற்கிற கழுதை, மழைக்கு ஒதுங்கி முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டிருக்கிற கழுதை. பறவை பார்க்கக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அவற்றைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். யாழ்ப்பாணம் போய்ச் சிற்பம் படித்த பிள்ளை கழுதை பிடித்துச் சீவிக்கிறாள் என்று ஊரில் ஒரு சிரிப்பு உண்டு. சிரிக்கிறவர்களுடைய வீட்டு அலுமாரிக்கு மேலேயும் பார்த்தால் ஒரு கழுதை நிற்கும்.

நாற்பதை எட்டிக்கொண்டிருக்கிற பெண். மெலிந்த உடம்பு, ஆனால் முழங்கைக்குக் கீழே பார்த்தால் தோணி இழுக்கிற ஆளின் கை. விடிந்ததும் தேத்தண்ணி குடிக்க முந்திக் கொட்டிலுக்குள் போவாள். போர்த்தியிருக்கும் ஈரச் சாக்குகளை ஒவ்வொன்றாய் விலக்கி, விரலின் பின்பக்கத்தால் உருவங்களைத் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுகிற மாதிரி. மண் வேலைக்காரருக்கு நெருப்பில்தான் பயம் என்று நாம் நினைப்போம். அவளுக்குக் காற்றில்தான் பயம். சோழகக் காற்று எழும்பினால் தென்மேற்குப் பக்கம் முதலில் காய்ந்துவிடும், மற்றப் பக்கம் ஈரமாய்க் கிடக்கும், பிறகு நடுவில் ஒரு வெடிப்பு ஓடும். அதனால் நாள் முழுக்க எதையாவது திருப்பிவைத்துக்கொண்டே இருப்பாள். சமைக்கிற நேரத்திலும் இடையில் எழும்பி ஓடுவாள். அவளுடைய குழம்பு அடிப்பிடித்ததற்குக் கணக்கில்லை.

களிமண் முருங்கன் பக்கத்து வயல் வெளியிலிருந்து வரும். சாஹுல் ஹமீட் தன் உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். அதை மிதிப்பது அவளுடைய கணவன் டிலோஜனின் வேலை. படகு என்ஜின் திருத்துகிறவன். கால் மண்ணை மிதிக்கும், வாய் யாருடைய என்ஜின் ஏன் நின்றது என்று சொல்லிக்கொண்டிருக்கும். வெறும் களியில் செய்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும் என்பதால், உடைந்த கூரை ஓடுகளை இடித்துச் சலித்த தூளை அதில் கலப்பாள். புதிதாக எதைக் கலந்தாலும் முதலில் பெருவிரல் அளவுக்கு ஓர் உருண்டை பிடித்துச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரிய வேலையில் கை வைப்பாள். கொட்டில் தட்டு முழுக்க அப்படிப்பட்ட உருண்டைகள். இவ்வளவு கவனமானவள் ஒரே ஒரு முறை சுட்டுப் பார்க்காமல் விட்டாள்.

படகுகள் இறங்குகிற கரையில் லூர்து மாதா கெபி ஒன்று இருக்கிறது. கல்லடுக்கிக் குகை போலக் கட்டி, உள்ளே மாதா சுரூபம் வைத்த சின்ன இடம். அங்கே நின்ற சீமெந்துச் சுரூபத்துக்குள்ளே கம்பி துருப்பிடித்து, இடுப்பில் பிளந்து, ஒருநாள் விழுந்துவிட்டது. புதிய சுரூபம் யார் செய்வது என்று கோயிலில் கூட்டம் வைத்தார்கள். அமிர்தநாயகம் எழும்பினார். கரையில் பாதிப் படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அவர். எழும்பினால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

"நீர்கொழும்பிலை ஃபைபரிலை செய்யினம். எங்கட போட் மாதிரி. துடைச்சால் புதுசு. நான் விசாரிச்சுப் போட்டன்."

சுவேதினி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, தான் சுடுமண்ணில் செய்து தருவதாகச் சொன்னாள்.

"கழுதை வேறை, மாதா வேறை பிள்ளை" என்றார் சம்மாட்டி. "மண் எண்டால் மாரிக்குக் கரைஞ்சு கடலுக்கை போயிடும்."

"சுட்ட மண் கரையாது ஐயா. உங்கட வீட்டு ஓடு கரைஞ்சதோ?"

கூட்டம் சிரித்தது. சம்மாட்டிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வெளியே விடவில்லை. பங்குச் சுவாமி, சரி, அடுத்த பெப்ரவரி மாதா திருநாளுக்குள் செய்து தாருங்கள், பார்ப்போம் என்று முடித்துவைத்தார். எல்லோரும் எழும்புகிற நேரத்தில் அருள்நாயகி பேசினார்.

அருள்நாயகிக்கு அறுபது இருக்கும். கூட்டங்களில் வாய் திறக்கிற மனுஷி அல்ல. அவருடைய கணவர் அருட்பிரகாசம் ஒரு வாடைக் காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊர் முழுக்கச் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். அருள்நாயகிக்குப் போக ஒரு கல்லறை இல்லை. அவர் கரைக்குப் போவார். புருஷன் படகை இழுத்து வைக்கிற இடம் என்று ஓர் இடம் இருந்தது. அந்த மணலில் திரியை ஊன்றிவிட்டு வருவார்.

"சுவாமி, எங்கட கரைமண்ணையும் அந்தச் சுரூபத்துக்குள்ள போட ஏலாதோ?" என்று அவர் கேட்டார். "ஒவ்வொரு வீடும் தங்கட போட் இழுத்து வைக்கிற இடத்திலை ஒரு பிடி. பிறகு மாதா எங்கட ஆக்களைப் பாத்துக்கொள்ளுவா."

யாருக்குத்தான் பிடிக்காது? சம்மாட்டியே தலையாட்டினார். அடுத்த நாள் காலை கொட்டில் வாசலில் பெண்கள் நிரை. முந்தானையில், தேங்காய்ச் சிரட்டையில், பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் எல்லாம் மணல். சுவேதினி வாங்கி வாங்கி ஒரு பெரிய தாச்சியில் கொட்டினாள். தன்னை ஊர் முழுக்க நம்பி வாசலில் நிற்பது அவளுக்கு அதுதான் முதல்தடவை. சந்தோஷத்தில் வாய் மூட முடியவில்லை.

அருள்நாயகி கடைசியாக வந்தார். கையில் பழைய பால்மா டின். படகு இழுத்து வைத்த அந்த இடத்தைச் சில வருசத்துக்கு முந்திக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. போகுமுன் அள்ளி வைத்த மண் அது. அதற்குப் பிறகு திரி கொளுத்துவதும் வீட்டில் அந்த டின்னுக்கு முன்னாலேதான்.

"ஒரு பிடி போதும் மாமி. மிச்சத்தை வைச்சிருங்கோ."

"எனக்குப் பிறகு இதை ஆர் வைச்சிருக்கப் போயினம்?" என்று சொல்லி அருள்நாயகி டின்னைக் கவிழ்த்தார். அடியைத் தட்டி, ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துப் போட்டார்.

அன்றைக்கு உருண்டை பிடிக்கவில்லை சுவேதினி. ஓட்டுத் தூளுக்குப் பதிலாக அந்த மணலைச் சலித்து அப்படியே களியில் கலந்தாள். பெண்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து கொடுத்ததை எப்படிச் சுட்டுச் சோதிப்பது என்று நினைத்திருப்பாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் சோதித்திருக்க மாட்டேன்.

மாதா வளர்ந்தா. பாதமும் அங்கியின் கீழ்ப்பகுதியும் ஒரு துண்டு, இடுப்பும் தோளும் இன்னொன்று, தலையும் கூப்பிய கைகளும் தனித்தனி. இவ்வளவு பெரியதை ஒன்றாகச் சுட அவளுடைய சூளையில் இடமில்லை. களியைக் கயிறாக உருட்டிச் சுற்றிச் சுற்றி எழுப்பி, உள்ளே கை விட்டுத் தட்டி, வெளியே மரத் துண்டால் தட்டி, கீழ்ப்பகுதி இறுகும்வரை பொறுத்திருந்து மேலே ஏற்றினாள். அங்கியின் மடிப்புகளுக்கு அவள் படம் எதையும் பார்க்கவில்லை. கரையில் காற்றுக்கு நிற்கிற பெண்ணின் சீலை எப்படி ஒரு காலோடு ஒட்டி மற்றப் பக்கம் பறக்குமோ அப்படி விட்டாள்.

முகத்துக்குத்தான் நாள் எடுத்தது. லூர்து மாதாவின் கண் வானத்தைப் பார்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுவேதினியின் மாதா வானத்தைப் பார்க்கவில்லை. நாடியைக் கொஞ்சம் தூக்கி, கண்ணைச் சற்றுச் சுருக்கி, கடல் முடிகிற இடத்தைப் பார்த்தா. படகு வருகிறதா என்று பார்க்கிற பார்வை. டிலோஜன் அந்தப் பக்கம் வந்தவன், கையிலிருந்த குறடோடு நின்றுவிட்டான்.

"எங்கட அம்மா இப்பிடித்தான் நிக்கிறவ" என்றான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. என்ஜினைப் பற்றி என்றால் ஒரு மணித்தியாலம் பேசியிருப்பான்.

பனை மட்டையும் விறகும் போட்டு, விடியப் பற்றவைத்த சூளையைப் பொழுதுபடும்வரை ஊட்டினார்கள். பிறகு ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்றுப் பட்டுப் பிளந்துவிடும். டிலோஜனுக்குப் பொறுமை இல்லை என்று தெரிந்து, சூளை வாயில் கதிரையைப் போட்டு அவளே காவலுக்கு இருந்தாள். திறந்தபோது நான்கு துண்டும் செக்கச் செவேல் என்று முழுசாக இருந்தன. பொருத்தி நிறுத்தினார்கள். பார்க்க வந்த பெண்கள் கொட்டிலுக்குள் நின்றபடியே செபமாலை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அருள்நாயகி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல முகம் பிள்ளை" என்றார். "எங்கட முகம்."

அந்த வருசம் மாரி நேரத்தோடு வந்தது. ஆத்துமாக்கள் திருநாளுக்கு அருள்நாயகி திரியோடு கொட்டிலுக்கே வந்தார். மாதாவின் முன்னால் கொளுத்திவைத்துவிட்டு, வெறும் டின்னுக்கு முன்னால் கொளுத்துவதைவிட இது எவ்வளவோ நல்லது என்று சிரித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வந்த ஈரக் காலை ஒன்றில் சுவேதினி சாக்கை விலக்கியபோது மாதாவின் இடது கன்னத்தில் ஒரு சில்லு கழன்று கீழே கிடந்தது. கழன்ற குழியின் நடுவில் வெள்ளையாய் ஒரு பொட்டு.

மத்தியானத்துக்குள் நெற்றியில் ஒன்று. மாலையில் கையில் இரண்டு, அங்கியில் எங்கெல்லாமோ. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கு நுனி டிக் என்ற சின்னச் சத்தத்தோடு தெறித்தது. யாரோ கல்லெறிந்தால் கோபப்படலாம். இது உள்ளே இருந்தே வருகிறது.

வெள்ளைப் பொட்டு ஒன்றை நகத்தால் கிண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அது உப்பி, பொருபொருத்து, பசையாகிவிட்டது. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு. கரைமணல் என்றால் பாதி உடைந்த சிப்பியும் சோகியும்தானே. சிப்பியைச் சுட்டால் சுண்ணாம்பு, சுண்ணாம்பில் ஈரம் பட்டால் ஊதும். வெற்றிலை போடுகிற எந்த மனுஷிக்கும் தெரிந்த விஷயம். அரிதட்டின் கண்ணுக்குள் புகுந்து போன சின்னச் சின்னச் சிப்பித் துண்டெல்லாம் களிக்குள் இருந்து வெந்து, இப்போது மழைக்காற்றைக் குடித்து ஊதி, மேலே இருக்கிற மண்ணைத் தள்ளிவிடுகிறது. ஊர்ப் பெண்கள் அன்போடு கொடுத்த மண்தான் மாதாவின் முகத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அவள் மறைக்கவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு அவளில் மரியாதை கூடுகிறது. ஓட்டுத் தூள் போட்டு இன்னொன்றைச் செய்து, கரைமண் உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிட்டிருக்கலாம். வெளியே பார்த்தால் யாருக்குத் தெரியும்? அவள் பெண்களைக் கூப்பிட்டு, சாக்கை விலக்கிக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். சுட்டுப் பார்க்காதது தன் பிழை என்றும் சொன்னாள்.

சம்மாட்டிக்கும் செய்தி போனது. வந்து பார்த்தார்.

"நான் சொன்னனான்தானே" என்று தொடங்கியவர், மாதாவின் மூக்கைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். "சரி, விடு பிள்ளை. நீர்கொழும்புக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லிவிடுறன்."

"தை பிறக்குமட்டும் பொறுங்கோ ஐயா. அதுக்கிடையிலை நான் சரியாச் செய்யாட்டி நீங்கள் சொல்லுங்கோ."

பெண்கள் எங்களுடைய மண்ணை விட்டுவிட்டுச் செய் என்றார்கள். மனசு சுருங்கித்தான் சொன்னார்கள், ஆனால் சொன்னார்கள். அருள்நாயகியும் சொன்னார். "செய் பிள்ளை. மாதா வடிவா நிண்டால் போதும்."

அடுத்த நாள் அவர் தனியாக வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கையில் அதே பால்மா டின்.

"கழண்ட துண்டுகளை எறிஞ்சு போட்டியோ?"

"இல்லை மாமி. பெட்டியிலை கிடக்கு."

"அதிலை கொஞ்சம் தருவியோ? எது அவரின்ரை இடத்து மண் எண்டு தெரியாது. எதிலையாவது இருக்கும்தானே. டின்னுக்கை போட்டு வைக்க."

சுவேதினிக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷியின் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளி டின்னில் போட்டாள். மற்றவர்கள் தங்கள் படகடிக்குப் போய் இன்னொரு பிடி அள்ளலாம். அருள்நாயகியின் இடம் கடலுக்குள் போய்விட்டது. இருந்த மண் முழுக்க உடைகிற இந்தச் சுரூபத்துக்குள். இதை விட்டுவிட்டு இன்னொன்று செய்தால் அது எவ்வளவு வடிவாக இருந்தாலும் அருள்நாயகிக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு மனுஷியின் கல்லறையை நான்தான் சுட்டு உடைத்தேன் என்று அவள் அன்றைக்கு டிலோஜனிடம் சொன்னாள்.

அருள்நாயகி போன பிறகு காற்றுக்குக் கதவு அடித்தது. கழுதையைத் தள்ளிக் கதவோடு நிறுத்தக் குனிந்தாள். காது உடைந்த இடம் கண்ணில் பட்டது. உடைவுக்குள் வெள்ளையாய் ஒரு துண்டு. நகத்தால் சுரண்டினாள். சிப்பி. சுண்ணாம்பாக ஊதாமல் அப்படியே இறுகிக் கிடந்தது.

அவள் அந்த இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். முற்றத்து மணலில் போட்டுக் குழைத்த கழுதை அது. சிப்பி அப்போதே ஏறியிருக்கும். எத்தனை மாரி இந்த வாசலில் நனைந்திருக்கிறது, ஒரு சில்லுகூடக் கழலவில்லை. இதற்கு மட்டும் என்ன செய்தேன் என்று யோசித்தாள். யோசிக்க அதிகம் இல்லை. குழாயில் தண்ணீர் வராத கிழமை ஒன்றில், கடன்பட்டுத் தண்ணீர் கேட்க மனமில்லாமல், ஒரு வாளி கடல்தண்ணீரில் குழைத்தாள். வெள்ளை பூத்துக் கிடந்ததால் கெட்டுப்போனது என்று ஒதுக்கிய கழுதை. உடைந்த காதடியில் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே இன்னும் பல சிப்பித் துண்டு. எல்லாம் அசையாமல் இருந்தன.

இந்தமுறை சோதித்தாள். மணல் கலந்த களியில் உருண்டைகள் பிடித்தாள். பாதியைக் குழாய்த் தண்ணீரில் குழைத்தாள், பாதியைக் கடல்தண்ணீரில். சுட்டு, ஈரச் சாக்குக்குள் சுற்றி, மழைத் தூவானம் படுகிற இடத்தில் வைத்தாள். காலையும் மாலையும் அவிழ்த்துப் பார்ப்பாள். குழாய்த் தண்ணீர் உருண்டைகள் ஒவ்வொன்றாய் வெடித்தன. கடல்தண்ணீர் உருண்டைகள் கழுதையைப்போல வெள்ளை பூத்துக்கொண்டு அப்படியே இருந்தன. உப்பு என்ன செய்கிறது என்று கேட்டால் படித்தவர்கள் ஏதாவது விளக்கம் சொல்லுவார்கள். அவளுக்கு அந்த நேரம் விளக்கம் தேவைப்படவில்லை.

டிலோஜன் உருண்டைகளைப் பார்த்துவிட்டு, "அப்ப பிரச்சினை முடிஞ்சுது" என்றான். "புது மண் வாங்கி உப்புத் தண்ணியிலை குழைச்சுச் செய்யுமன்."

"அருள்நாயகி மாமியின்ரை மண்?"

அவன் மாதாவைப் பார்த்தான். பிறகு மனைவியின் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கூரை ஓடுகளை இடித்துத் தூளாக்கிக் களியில் கலக்கிறவள், சுட்ட சுரூபத்தையும் இடித்துக் கலக்கலாம்.

"இந்த முகத்தையோ?" என்றான். "பிறகு உது மாதிரி வருமோ?"

"தெரியாது" என்றாள் அவள்.

அதுதான் உண்மை. நல்ல முகம் கேட்ட நேரமெல்லாம் கைக்கு வராது. அவள் வாழ்க்கையில் செய்ததிலே நல்லது அதுதான், அவளுக்கும் தெரியும். மூக்கில்லாமல், கன்னம் குழி விழுந்து நின்றபோதுகூட அந்தப் பார்வை இருந்தது. அதைக் கொட்டிலின் ஒரு மூலையில் வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டாள். சுவாமி இன்னும் ஆசீர்வதித்து மந்திரிக்காத சுரூபம்தான், ஆனாலும் மாதா உருவத்தில் சுத்தியல் போடுவதை ஒளித்துச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அருள்நாயகி கிட்ட வந்து தடுத்தார்.

"எனக்காக உடைக்காதை பிள்ளை. பாவம்."

"உங்களுக்காக இல்லை மாமி. மாதாவுக்குள்ள எல்லாரின்ரை மண்ணும் இருக்கெண்டு சொல்லித்தானே தொடங்கினனாங்கள்."

முதல் அடியை முகத்திலேயே போட்டாள். அதைக் கடைசிக்கு வைத்தால் கை எழும்பாது என்று அவளுக்குத் தெரியும். பிறகு ஒவ்வொரு பெண்ணாக வந்து சுத்தியலை வாங்கினார்கள். இடித்ததை மா அரிக்கிற மெல்லிய துணியில் சலித்தார்கள். அருள்நாயகி தன் டின்னைத் திறந்து, வாங்கிப்போன துண்டுகளையும் கொண்டுவந்து போட்டார்.

கடல்தண்ணீர் அள்ள டிலோஜன் வாளியோடு புறப்பட்ட நேரம், கொட்டில் வாசலில் ஒரு சத்தம். சம்மாட்டியின் ஆட்கள் தண்ணீர்க் கான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கரைத் தண்ணியிலை மணலும் ஊத்தையும் கலங்கிக் கிடக்கும்" என்றார் அமிர்தநாயகம், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. "வெளியிலை போட் போகேக்கை அள்ளிக்கொண்டு வரச் சொன்னனான். போதாட்டிச் சொல்லு."

நீர்கொழும்பு என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயில் யாரும் கேட்கவில்லை.

உப்புத் தண்ணீரில் குழைத்த களியோடு மல்லுக்கட்டியது வேறு கதை. அது பழைய களியைப்போல இழுபடாது. கயிறாக உருட்டினால் வளைகிற இடத்தில் பிரியும். விரலில் இருக்கிற சின்ன வெடிப்பெல்லாம் எரியும். சாப்பிடும்போது கையைப் பிடித்துக்கொண்டு, டிலோஜன் பிசைந்து கொடுத்த சோற்றைச் சாப்பிட்ட நாளும் உண்டு. மாரிக் காற்றில் காய்வதற்கு எடுத்த நேரமும் அதிகம். சூளையைச் சுற்றித் தகரத்தால் மறைத்து, தணலை வைத்துக் கொட்டிலையே சூடாக்கினாள். முகத்தை மூன்றுதரம் செய்து மூன்றுதரமும் நசுக்கினாள். பழையதைப்போல வரவில்லை என்று அழுதாள். பிறகு ஒருநாள் காலை வேலையை விட்டுவிட்டுக் கரைக்குப் போய்ப் படகுகள் வரும்வரை பெண்களோடு நின்றாள். திரும்பி வந்து செய்த முகத்தை நசுக்கவில்லை. முதல் முகத்தைவிட வயது கூடிய முகம் அது. வாய் கொஞ்சம் இறுகியிருந்தது.

சூளை திறந்தபோது இந்தமுறை செக்கச் செவேல் இல்லை. மாதாவின் நெற்றியிலும் தோளிலும் கையிலும் மெல்லிய வெள்ளை படர்ந்திருந்தது. கடலால் வந்தவனின் கையில் தண்ணீர் காய்ந்த பிறகு தெரிகிற உப்பு மாதிரி. பெயின்ற் அடிப்போமா என்று யாரோ கேட்டதற்குச் சம்மாட்டிதான் பதில் சொன்னார், வேண்டாம், அது கடல் அடிச்ச நிறம் என்று.

பெப்ரவரித் திருநாளில் சுவாமி மந்திரித்து, மாதா கெபியில் ஏறினா. பாட்டும் வெடியும் எல்லாம் நடந்தது. சுவேதினியின் கை மட்டும் சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது. வெயிலுக்கு எதுவும் நிற்கும். மாரி வர வேண்டும்.

மாரி வந்தது. ஐப்பசிக் கறுப்பு ஏறி, வாடை திரும்பி, முதல் மழை கொட்டிய மறுநாள் காலை கழுதைக் கொட்டிலின் சாக்குகளை விலக்காமலே அவள் கரைக்கு ஓடினாள். மாதாவின் கன்னத்தை விரலால் தடவினாள், மூக்கை, நெற்றியை, கூப்பிய கையின் ஒவ்வொரு விரலையும். அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும். மீன் ஏற்ற வந்த ஆட்கள் சுவேதினிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று சிரித்தார்கள். ஒரு சில்லும் கழலவில்லை. கழுதை வாசலில் நின்றதுபோலவே மாதா மழையில் நின்றா.

ஆத்துமாக்கள் திருநாள் காலையில் அவள் போனபோது அருள்நாயகி அங்கே முந்தியே நின்றார். ஊர்ச் சனம் சேமக்காலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர் மாதாவின் பாதத்தடியில் மெழுகுதிரியை ஊன்றி, கொளுத்தி, முழங்காலில் இருந்து செபம் சொன்னார். எழும்பும்போது பாதத்தில் வாயை வைத்து முத்தமிட்டார். முத்தமிட்டவர் உடனே நிமிரவில்லை. உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குது பிள்ளை."

அது கடற்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பாக இருக்கும் என்று சுவேதினி நினைத்தாள். சொல்லவில்லை.

"ஓம் மாமி."

"அவர் கடலாலை வந்து நிக்கேக்கையும் இப்பிடித்தான் கரிக்கும்" என்றார் அருள்நாயகி. சொல்லிவிட்டு, வெட்கப்பட்டதுபோல முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாடை அடித்துத் திரி சாய்ந்தது. சுவேதினி குந்தியிருந்து, அது எரிந்து முடியும்வரை, அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.